ஓய்ந்த மின்தூக்கி எங்கு நிற்றல் வேண்டும்?

உயர்மாடங்களில் மக்களை ஏற்றி இறக்கும் பெட்டியை மின்தூக்கி என்பர். லிப்ட் என்பது உலக வழக்கு. 1857-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து ஐந்தடுக்கு அங்காடியொன்றில் ஓட்டிஸ் என்பார் அமைத்ததே மக்கள் ஏறிய தூக்கிகளுள் முதலாவது எனக் கூறுவர். அது நீராவியால் இயங்கியது. பின்னர்ப் பன்னாள்காறும் தூக்கியினுள் ஓர் ஏவலாளன் நின்றான். எங்குக் காத்திருப்பது என்பதை அவனறிவே தீர்த்தது. பொத்தானை அழுத்தத் தானே இயங்கும் தூக்கி வந்தபின், அதனை விதியாக வகுத்தல் வேண்டுவதாயிற்று. அவ்விதியை யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

கணினி நூல் வல்லாராகிய டொனால்டு கனூத் என்பார் 1968-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதற்றொகுதியில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்துக் கணிதக் கட்டடத்தின் தூக்கியை விரித்துரைத்துள்ளார். நிலத்தின்கீழ் இரண்டும், தரைத்தளமும், மேல் இரண்டுமாக அதன் தளங்கள் ஐந்து. பணியற்ற பெட்டி தரைத்தளத்திற்கே மீளும். ஆண்டு வாயிலும் நடுத்தளமும் ஒன்றேயாதலின் ஐயத்திற்கு இடமில்லை. அவை வேறாயின் என் செய்வது?

தரைத்தளத்தின்மேல் பத்து மாடியுடைய கட்டடம் ஒன்றைக் கொள்வோம். ஒவ்வோர் அழைப்பும் ஓய்ந்து நிற்கும் பெட்டிக்கே வருவதாகவும் கொள்வோம். காலையில் எழும் 100 அழைப்புகளுள் 60 தரையினின்றும், மாடிக்கு 4 வீதம் 40 மேலிருந்தும் வருகின்றன என்க. பெட்டி தரையில் நிற்பின், அழைத்தோரை அடைய அது வெறிதே கடப்பது 220 மாடி. ஐந்தாம் மாடியில் நிற்பின் 400. காரணம் என்னை? தரையினின்று ஒரு மாடி உயர்த்தின், 60 பேர்க்குத் தொலைவு ஒன்று கூடும். 40 பேர்க்கே ஒன்று குறையும். ஆதலின் பாதிக்கு மேற்பட்டோர் வாயிலினின்று அழைக்குங்காறும் வாயிலே தக்க இடமாம்.

மாலையில் நிலை மாறும். தரையினின்று 20-உம், மாடிதோறும் 8-உம் அழைப்புகள் வருமாயின், தரையில் நிற்கும் பெட்டி 440 மாடி கடக்கும். நான்காம் மாடியில் நிற்பது 296. ஐந்தாம் மாடியில் நிற்பது 300. கணக்கு நான்காம் மாடியையே காட்டும்.

எனினும் ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. நான்கில் நிற்பின், பத்தாம் மாடியிலுள்ளார்க்குப் பெட்டி ஆறு மாடிக்கு அப்பாலது. ஐந்தில் நிற்பின் எவர்க்கும் ஐந்திற்கு மேலில்லை. அதற்கு யாம் ஈயும் விலை நூறு அழைப்புக்கு நான்கு மாடியே! ஆனால் காலையில் அவ்வாறு நிறுத்துவதன் விலை 180 மாடி. அப்பொழுது அது தகாது. தூக்கி இரண்டாயின் ஒன்றை வாயிலிலும் மற்றொன்றை மேலும் நிறுத்தலாம். அழைப்பு அருகிய நள்ளிரவிலோ, வெற்றுப் பெட்டியை ஓட்டி மின்சாரம் செலவிடாது நின்றவிடத்தே விடுதல் நன்று.

கூட்டுத்தொகை எல்லாரையும் ஒருங்கு எண்ணும். கோலூன்றி உச்சிமாடியில் நிற்கும் முதியவரைத் தனியே காணாது. ஆகவே விதி வகுப்போர் தொகையைக் கண்டபின் கடையில் நிற்பவரையும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் கடன் என்பதே எம் துணிபு.