நூல் மதிப்புரை எழுதுதல்

புதிதாக வெளிவரும் நூலை அறிமுகம் செய்து, அதன் நிறைகுறைகளைச் சான்றுடன் எடுத்துரைப்பதே மதிப்புரை. நூலின் வகைக்கேற்ப அளவுகோல் மாறும். இதனை இரு நூல்களைக் கொண்டு அறியலாம்.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கைத்தறி நெசவாளர் துயரைக் கூறும் புதினம். அதில் கதைமாந்தர் உயிர்ப்புடன் படைக்கப்பட்டுள்ளனரா எனக் காண வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' வரலாற்று ஆய்வுநூல். அதில் கூற்றுகளுக்கு ஆவணச் சான்றுகள் உளவா என ஆராய வேண்டும்.

'நன்று', 'நன்றன்று' என்பதோடு நில்லாமல், காரணத்தையும் அதற்குரிய பகுதியையும் சுட்டுக. புதிய நூலைப் பெரும்பாலோர் இன்னும் படித்திரார். உங்கள் சொல்லை நம்பியே அதனை வாங்குவர், அன்றி ஒதுக்குவர். ஆகவே, முழுமையாகப் படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதுதல் கூடாது.