வேலைநீக்கமும் இரக்கமும்: ஒன்ராறியோத் தொழிலாளருக்கு முழுமையான வழிகாட்டி

வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தன் குடும்பக் கஷ்டத்தைத் தொழில் நடுவர் முன் சொன்னால் எடுபடுமா? எடுபடும், சொல்லும் இடம் தெரிந்தால். யூனியன் உள்ள வேலையிடங்களுக்கே இந்த வழி. யூனியன் இல்லாதவர் நேரே சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

1. முதலில் முறைப்பாடு

வேலைநீக்கக் கடிதம் கிடைத்த அன்றே யூனியன் பிரதிநிதியிடம் போய் முறைப்பாடு செய்யுங்கள். கூட்டு ஒப்பந்தம் தரும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். வழக்கை நடுவரிடம் கொண்டுபோவதா என்று தீர்மானிப்பதும் யூனியன்தான். ஆகவே உங்கள் கதையை முதலில் நம்பவேண்டியவர்கள் அவர்கள்.

2. மூன்று கேள்விகள்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1976இல் வந்த வில்லியம் ஸ்கொட் தீர்ப்பு வகுத்த வரிசையையே கனடா நடுவர்கள் பலரும் பின்பற்றுகிறார்கள். தண்டிக்கத்தக்க தவறு நடந்ததா? வேலைநீக்கம் அதற்கு மிகையா? மிகையென்றால் எது பொருத்தம்? இரக்கத்துக்கு இரண்டாம் கேள்வியில்தான் இடம். திருட்டுக் குற்றச்சாட்டென்றால், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது நீங்கள் பொருளை எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகாது.

தண்டனையைக் குறைக்க ஒன்ராறியோ தொழிலுறவுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அந்தத் தவறுக்கு இன்ன தண்டனை என்று கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் அவர் கை கட்டப்பட்டுவிடும். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

3. கஷ்டத்தையும் தவறையும் முடிச்சுப் போடுங்கள்

பலர் தோற்பது இங்கேதான். 1964இன் ஸ்டீல் எக்யுப்மென்ட் தீர்ப்பு, தண்டனையைக் குறைக்கும் காரணங்களைப் பட்டியலிட்டது: நீண்ட சேவை, சுத்தமான பதிவு, ஒரே தடவை நடந்த தவறு, பிறர் சீண்டியது, கண நேர உணர்ச்சி, தண்டனையால் வந்த சிறப்பான பொருளாதாரக் கஷ்டம். ‘சிறப்பான’ என்பதைக் கவனியுங்கள். வேலை போன எல்லோருக்கும்தான் வாடகை இருக்கிறது. ஒரே ஒரு தொழிற்சாலை உள்ள ஊரில், இருபது வருடம் உழைத்து, ஐம்பத்தெட்டு வயதில் வெளியே நிற்பவரின் நிலை வேறு.

யாழ்ப்பாணத்தில் தகப்பன் இறந்த வாரம், லீவு கிடைக்காமல் இரவு வேலைக்கு வந்தவர் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டார் என்று வையுங்கள். அந்தத் துக்கமே தவறை விளக்குகிறது. ஆறு மாதமாகச் சாமான் கடத்தியவருக்கு அதே மரணம் எதையும் விளக்காது. மரணச் சான்றிதழ், லீவு கேட்ட மின்னஞ்சல், டொக்டரின் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

4. முதலாளியின் விசாரணையில் மறைக்காதீர்கள்

வீட்டு விஷயத்தை மனேஜரிடம் சொல்வதா என்ற கூச்சம் நம்மவர்களுக்கு அதிகம். அன்று வாயே திறக்காமல் பிறகு நடுவர் முன் சொன்னால், ஜோடித்த கதைபோலத்தான் தெரியும். பொய் சொன்னால் இன்னும் மோசம். செய்தது உண்மையென்றால், பிரதிநிதியோடு பேசிவிட்டு, நேரத்தோடு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள்.

5. நோயென்றால் உரிமையைக் கேளுங்கள்

மன அழுத்த நோயும் குடிநோயும் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் இயலாமையாகக் கருதப்படக்கூடியவை. அப்போது உங்கள் நிலைக்கேற்ப வேலையில் இடங்கொடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. இரக்கம் என்று கெஞ்சி அந்த உரிமையை மலிவாக்காதீர்கள். ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கியூபெக் கார்ட்டியே சுரங்க வழக்கில், வேலைநீக்கத்துக்குப் பிறகு குடிநோய்ச் சிகிச்சை பெற்றவரை நடுவர் திரும்ப அமர்த்தினார். 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீக்கிய நேரத்தில் அந்த முடிவு சரியா என்பதற்கு வெளிச்சம் தராத பின்நிகழ்வு செல்லாது என்றது.

6. வென்றால்

பல வேளை கிடைப்பது, வேலையில்லாத காலத்துச் சம்பளம் இல்லாத மறுவேலை. சிலவேளை, மீண்டும் தவறினால் வேலை போகும் என்ற ‘கடைசி வாய்ப்பு’ ஒப்பந்தமும் நீட்டப்படும். அது எத்தனை மாதம் செல்லும், எந்தத் தவறுக்கெல்லாம் பொருந்தும் என்று யூனியனிடம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.