பழைய றில் மெசினுக்கு உதிரிப்பாகம் தேடும் முறை

1990ஆம் ஆண்டின் வன்செயல்களும் 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் பலருடைய வீட்டோடு தொழிற்கருவிகளையும் கொண்டுபோயின. வேளாண்மை வேலை இல்லாத மாதங்களில் தச்சுவேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு பழைய றில் மெசினும் பெரும் உதவி. ஆனால் பொருந்தாத பாகத்தை வாங்கினால் கைக்காசு வீணாகும். எனவே கடைக்குப் போகுமுன் கீழ்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. பெயர்த்தகடு

முதலில் மெசினின் தகட்டை வாசியுங்கள். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். தகட்டில் 110 அல்லது 120 என்றிருந்தால் நேரே செருகக்கூடாது, மோட்டர் எரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் மூழ்கிய மெசினை மின்வேலை தெரிந்தவர் சோதிக்கும்வரை இயக்காதீர்கள்.

2. சக்

துளையிடும் அலகைப் பிடிக்கும் பாகமே சக். அது எவ்வளவு தடித்த அலகைப் பிடிக்கும் என்பதும் (பெரும்பாலும் 10 அல்லது 13 மி.மீ.), புரியின் அளவும் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவான புரிகள் இரண்டு: 3/8 அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 24 புரி, 1/2 அங்குலத் தண்டில் 20 புரி. எழுத்து அழிந்திருந்தால் தண்டில் அரை அங்குல நீளத்தில் உள்ள புரிகளை எண்ணுங்கள். 12 வந்தால் முதல்வகை, 10 வந்தால் இரண்டாம் வகை. புரியே இல்லாமல் கூம்பிய தண்டுள்ள மெசினும் உண்டு. அதற்குப் புரிச் சக் பொருந்தாது.

3. சக்கைக் கழற்றுதல்

பிளக்கைக் கழற்றிவிட்டே கை வையுங்கள். சக்கின் வாயை முழுதாகத் திறந்து உள்ளே பாருங்கள். இருபுறமும் சுழலும் மெசினில் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அது இடதுபுரி, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் மறுபக்கம் திருப்பியே பலர் ஆணியின் தலையை உடைக்கிறார்கள். ஆணியை எடுத்தபின் சக்கை இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

4. சக் சாவி

பல்லின் எண்ணிக்கையும் முனைக்குச்சியின் தடிப்பும் ஒத்திருக்க வேண்டும். சக்கையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது.

5. காபன் பிறஷ்

மெசின் விட்டுவிட்டு ஓடினால், அதிகம் பொறி பறந்தால், இதைப் பாருங்கள். நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளந்து, வில்லும் வயர் முனையும் எப்படி உள்ளன என்றும் குறியுங்கள். அதே கம்பெனிப் பிறஷ் கிடைக்காவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி, மெல்லிய அரத்தாளில் தேய்த்து, கூட்டுக்குள் தடையின்றி நகரும்படி செய்யலாம். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

6. இணைப்புக் கருவிகள்

அடிப்பாகத்தில் தவாளிப்புள்ள 10 மி.மீ. அலகு, கொங்கிறீற் துளைக்கும் ஹாமர் மெசினுக்கு உரியது. சாதாரண சக்கில் அது சுழன்று நழுவும். பழைய வட்டவாள் இணைப்பில் காப்புமூடி இல்லையென்றால், எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். இழந்த விரலுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

குழுவாகச் செய்ய: உங்கள் ஊரில் உள்ள பழைய மெசின்களை ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றின் வோல்ற், புரி, பிறஷ் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திருத்த முடியாத மெசினை எறியாதீர்கள். அதன் சக்கும் சாவியும் இன்னொரு குடும்பத்தின் மெசினை ஓடவைக்கும்.