இதை வைத்தது யார்?



நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர் மரணித்தபோது ஸஹாபாக்கள் அடக்கம் செய்துவிட்டார்கள், நபியவர்களிடம் சொல்லவில்லை. சில நாட்களாக ஆளைக் காணோமே என்று நபியவர்களே விசாரித்தார்கள். செய்தி தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். மக்கள் அவருடைய விஷயத்தைச் சிறியதாக எண்ணிவிட்டார்கள் என்று அறிவிப்பில் வருகிறது. கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கு போய் ஜனாஸா தொழுதார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்பதில்கூட அறிவிப்பாளருக்குச் சந்தேகம்; பெண் என்றே கருதுவதாகச் சொல்கிறார். ஊர் அவரை அந்த அளவுக்குத்தான் கவனித்திருந்தது. நபியவர்கள் கவனித்திருந்தார்கள்.

இன்னொரு சம்பவம். நபியவர்கள் இயற்கைத் தேவைக்குச் சென்றபோது சிறுவரான இப்னு அப்பாஸ் (ரலி) ஒளூவுக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். நபியவர்கள் தண்ணீரைப் பார்த்ததும், இதை வைத்தது யார் என்று கேட்டார்கள். பெயர் சொல்லப்பட்டதும், மார்க்கத்தில் விளக்கம் கிடைக்க அவருக்காக துஆ செய்தார்கள். ஒரு பாத்திரம் தண்ணீருக்குக் கிடைத்த நன்றி அது!

இக்லாஸோடு செய்பவருக்கு நன்றி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியும் வேண்டாம், நன்றியும் வேண்டாம் என்று சொல்லும் நல்லோரை 76ஆவது அத்தியாயம் புகழ்கிறது. உண்மைதான். ஆனால் அது கொடுப்பவருக்கான பாடம். வாங்கித் தின்ற நமக்கு வேறு பாடம்: மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. அவர் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக நாம் கொடுக்காமல் இருக்க முடியாது.

பொன்னாடை, பிளக்ஸ் எல்லாம் தேவையில்லை. முகத்துக்கு நேரே மிகைப்படுத்திப் புகழ்வதை நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். "ஜஸாகல்லாஹு கைரன்" என்று பெயர் சொல்லிக் கூறினாலே போதும், அதுவே நிறைவான பாராட்டு என்று ஹதீஸில் வருகிறது.

நம் பள்ளிகளில் மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் பெயர் அதன் இறக்கையிலேயே இருக்கும். அதன் தூசியைத் துடைப்பவர் பெயர்? ரமலான் முழுக்க லுஹருக்குப் பிறகு அடுப்படிப் புகையில் நின்று கஞ்சி கிண்டும் இளைஞர்கள் யார்? மழையில் குழி வெட்டியவர் யார்? கொரோனா காலத்தில் உறவினரே நெருங்கப் பயந்த மய்யித்துகளை எடுத்து அடக்கியவர்களில் எத்தனை பேரை இன்று நமக்கு அடையாளம் தெரியும்?

பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டி கஃபனிடும் தாய்மார்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நடுநிசியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர்கள். ஆண்களாகிய நமக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது. இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் தாயாரைக் கடைசியாகக் குளிப்பாட்டியது யார் என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். பெயர் தெரிந்ததும், மனைவியையோ மகளையோ அந்த வீட்டுக்கு அனுப்பி ஸலாம் சொல்லச் சொல்லுங்கள்.