பணி நிறைவு நாளில் ஒரு நேர்காணல்

பணி நிறைவு விழா பெரும்பாலும் சால்வை, வாழ்த்துரை, விருந்து என்று முடிந்துவிடும். சிட்லபாக்கத்தில் எங்கள் சக ஆசிரியை ஓய்வு பெற்ற நாளில், ஐந்தாம் வகுப்பு மாணவர்களை அவரை நேர்காணல் செய்ய வைத்தோம். குழுவுக்கு இரண்டு வினாக்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியும் வினா கூடாது.

“ஏன் 60 வயதில் ஓய்வு?” என்றான் ஒருவன். 58ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்ததை விளக்கினார்.

“யாரை நினைச்சு வருத்தப்படுறீங்க டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி. எல்லாரும் அமைதியானோம். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று இவர் விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. குடும்பம் பிழைப்புக்காக வேறு ஊர் போயிருந்தது.

“அதுக்கப்புறம், மூணாம் நாளே வீட்டுக்குப் போயிடுவேன்” என்றார்.

இடம்பெயரும் குடும்பங்கள் எங்கள் பகுதியிலும் உண்டு. மறுவாரம் முதல், மூன்று நாள் தொடர்ந்து வராத குழந்தையின் வீட்டுக்கு முறைவைத்துப் போகிறோம்.

உங்கள் பள்ளியில் பணி நிறைவு விழா வந்தால், வாழ்த்துரைக்கு முன் பத்து நிமிடங்களை மாணவர்களின் வினாக்களுக்கு ஒதுக்குங்கள். ஓய்வு பெறுபவரின் அனுபவம் பள்ளியிலேயே தங்கும்.