சுங்க அதிகாரி கேட்ட கேள்வி: மளிகை வணிகர்களுக்கு ஒரு பாடம்



அதிகாரி என்றாலே கடைக்காரருக்கு அடிவயிறு கலங்கும். எடைக்கு ஒருவர், கலப்படத்துக்கு ஒருவர், வரிக்கு ஒருவர் என்று பார்த்துப் பழகிவிட்டோம். துறைமுகத்துச் சுங்க அதிகாரி மட்டும் தூரத்து ஆள். திருச்செங்கோட்டில் மண்டி வைத்திருப்பவனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் இருந்தேன். 2011-ல் பட்ட அனுபவம் அந்த எண்ணத்தை மாற்றியது.

மலேசியாவில் கிள்ளான் நகரில் கடை நடத்தும் என் மைத்துனர், பொங்கல் விற்பனைக்கு மஞ்சள், மல்லி, மிளகாய் கேட்டிருந்தார். கூடவே நாட்டு மருந்துச் சாமான் நான்கு சிப்பம். அதில் ஒன்று ஜடாமாஞ்சில். கணக்குப்பிள்ளை பில்லில் "உலர் மூலிகை" என்று ஒரே வரியில் எழுதினார்; நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சென்னையில் அதிகாரி சிப்பத்தைப் பிரித்து, "இதன் தாவரப் பெயர் என்ன? அனுமதிச் சீட்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். கிளியரிங் ஏஜெண்ட் எனக்குப் போன் செய்து, "ஐயா, என்ன சொல்லட்டும்?" என்றார். முப்பது வருடம் விற்ற சரக்கு. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சிப்பத்துக்காக மொத்தச் சரக்கும் நின்றது. ஜடாமாஞ்சில் பறிமுதலானது, அபராதமும் கட்டினேன். பொங்கலுக்குப் போக வேண்டிய மஞ்சள் மாசி மாதம்தான் போய்ச் சேர்ந்தது. அன்று அதிகாரி மேல் கோபம் வந்தது உண்மை. விசாரித்துப் படித்த பிறகுதான், தவறு என்னுடையது என்று விளங்கியது.

ஒப்பந்தம் சொல்வது என்ன?

1973-ல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடி, அழிந்துவரும் விலங்கு, தாவரங்களின் வணிகம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. சுருக்கமாக இதைச் 'சைட்டீஸ்' என்பார்கள். இந்தியா 1976-ல் இதில் சேர்ந்தது. இதில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பது அழியும் நிலையில் உள்ளவை. அவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வணிகத்துக்காக நாடு கடத்த முடியாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை அனுமதிச் சீட்டுடன் அனுப்பலாம். மூன்றாம் பட்டியல், ஒரு நாடு தன் எல்லைக்குள் பாதுகாக்கும் இனத்துக்காகப் பிற நாடுகளின் உதவியைக் கேட்டுச் சேர்ப்பது.

இனி நம் கடை டப்பாக்களைப் பாருங்கள். ஜடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இரண்டும் இமயமலையில் விளைபவை. கிழங்கையும் வேரையும் தோண்டி எடுப்பதால் செடியே போய்விடுகிறது. செஞ்சந்தனமும், அசாம் பக்கத்து அகில் மரமும் 1995 முதல் அதே பட்டியலில் உள்ளன. கோஷ்டம் 1985 முதல் முதல் பட்டியலில் இருக்கிறது. உள்நாட்டிலும் 1991-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

அதிகாரிக்கு அதிகாரம் எங்கிருந்து?

வெளிநாட்டில் செய்த ஒப்பந்தத்தை வைத்து மட்டும் அதிகாரி நம் மூட்டையைப் பிரிக்க முடியாது. வனவிலங்குச் சட்டம் 1972, அயல்நாட்டு வர்த்தகக் கொள்கை ஆகியவை எதை அனுப்பக்கூடாது என்று சொல்கின்றன. சுங்கச் சட்டம் 1962, மீறினால் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. அதன் 110-ஆம் பிரிவின்படி சரக்கைக் கைப்பற்றலாம். இறக்குமதிச் சரக்கை 111-ஆம் பிரிவின்படியும், ஏற்றுமதிச் சரக்கை 113-ஆம் பிரிவின்படியும் பறிமுதல் செய்யலாம். சரக்கு இன்னதென்று தெரியாவிட்டால், 2007-ல் அமைந்த வனவிலங்குக் குற்றத் தடுப்பு அமைப்பின் சென்னை அலுவலகத்தைக் கேட்பார்கள். 2022-ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, சைட்டீஸ் விதிகளுக்கென்றே தனி அத்தியாயம் சேர்ந்துள்ளது.

நல்ல வணிகனையும் ஏன் சோதிக்கிறார்கள்?

ஆந்திராவின் கடப்பா, சித்தூர் மலைகளில் விளையும் செஞ்சந்தனக் கட்டைகளை, வேறு சரக்கின் பெயர் எழுதி, கண்டெய்னரில் மற்ற மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்துச் சென்னைத் துறைமுகம் வழியாகக் கடத்தியதை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இறக்குமதியிலும் இதே கதைதான். தூத்துக்குடியில் பழைய காகிதம் என்று சொல்லி வந்த கண்டெய்னர்களில் வெளிநாட்டு ஊர்க்குப்பை இருந்தது. அபாயக் கழிவுகளை நாடு விட்டு நாடு தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் வருடத்துப் பாசல் ஒப்பந்தம் இதற்காகத்தான் இருக்கிறது. நம் கடைக் குளிர்பெட்டிக்கு முன்பு அடைத்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. அந்த வாயு சிலிண்டரையும் பெயர் மாற்றி உள்ளே விடாமல் பார்ப்பது சுங்கத்துறைதான். யாரோ பொய்ப்பெயர் எழுதுவதால், உண்மைச் சரக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "உலர் மூலிகை" என்று எழுதிய நானும் அவர்கள் கண்ணுக்கு அந்த வரிசையில்தான் நின்றேன்.

நாம் செய்ய வேண்டியவை

1. வெளிநாட்டுக்குப் போகும் பில்லில் ஒவ்வொரு மூலிகையையும் தனித்தனியே, தாவரப் பெயருடன் எழுதுங்கள்.
2. கோஷ்டம், அகில், செஞ்சந்தனம் போன்றவற்றை ரசீது இல்லாமல் கொள்முதல் செய்யாதீர்கள். எங்கே, யார் அனுமதியுடன் விளைந்தது என்று கேளுங்கள்.
3. பட்டியலில் உள்ள சரக்கை மஞ்சள், மிளகாயோடு ஒரே கண்டெய்னரில் போடாதீர்கள்.
4. அனுமதி கைக்கு வந்த பிறகே சரக்கைக் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஏஜெண்டிடம் முன்கூட்டியே கேளுங்கள்.
5. உறவினர் கேட்டார் என்று பயணிகளின் பெட்டியில் கொடுத்து அனுப்பாதீர்கள். விமான நிலையத்திலும் அதே சட்டம்தான்.

என் மகன் இப்போது கொள்முதல் நோட்டில் தாவரப் பெயருக்கென்று ஒரு பத்தி போட்டிருக்கிறான். ஜடாமாஞ்சிலுக்கு நேராக 'நார்டோஸ்டாக்கிஸ்' என்று அவன் எழுதியதைப் படிக்க எனக்கு இன்னும் நாக்குச் சுழலவில்லை. ஆனாலும் அந்தச் செடி மலையில் மிஞ்சினால்தான், அவன் பிள்ளை காலத்திலும் நம் கடை டப்பாவில் ஜடாமாஞ்சில் இருக்கும்.