கிரைண்டருக்குள் மோட்டார் போல ஒரு மொழி: லுவா

"ஏனுங்க மாமா, லுவா லுவாங்கறாங்களே, அது தனி சாஃப்ட்வேருங்களா?" சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் அக்கா மகன், கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேட்டது இது. உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம்.

நம் கோவை வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை மட்டும் வாங்கி வைத்தால் மாவு அரைபடாது. கிரைண்டரில் பொருத்தினால் மாவு, பம்பில் பொருத்தினால் தண்ணீர். லுவாவும் இன்னொரு புரோகிராமுக்குள் பொருத்துவதற்காகவே உருவான சின்ன ஸ்கிரிப்ட் மொழி. தனியாகவும் ஓடும். மொத்த இன்டர்பிரெட்டரும் சுமார் 300 கேபிதான்.

1977 முதல் 1992 வரை பிரேசில் நாட்டில் வெளிநாட்டு ஹார்ட்வேருக்கும் சாஃப்ட்வேருக்கும் கடும் கட்டுப்பாடு இருந்தது. தேவையானதைத் தாங்களே செய்து பழகிய ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், யெருசலிம்ஸ்கி, ஃபிகெய்ரெடோ, செலெஸ் என்ற மூவர் 1993-ல் லுவாவை உருவாக்கினார்கள். போர்ச்சுகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. இது முற்றிலும் இலவசம்.

உங்களிடம் விஎல்சி பிளேயர் இருக்கிறதா? அப்படியானால் லுவா ஏற்கனவே உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது! அதில் சப்டைட்டில் தேடித் தரும் விஎல்சப் லுவாவில் எழுதியது. தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குள்ளும் 2013 முதல் லுவா ஓடுகிறது.

லுவா டாட் ஆர்க் தளத்தில் டெமோ பக்கத்தைத் திறந்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே பழகலாம். பிரிண்ட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் 10/2 என்று கொடுங்கள். விடை 5.0 என்று வரும். 10//2 என்றால் வெறும் 5. பட்டியலை எண்ணுவதும் நம்மைப் போல 1-லிருந்துதான். பல மொழிகளில் 0-விலிருந்து தொடங்கும்.

மாப்பிள்ளை இரண்டே வாரத்தில், நெய்த மீட்டரைக் கூலியால் பெருக்கிச் சீட்டுப் போடும் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டான். சனிக்கிழமை சம்பளச் சீட்டில் முருகன் என்ற பெயர் "முர" என்று வந்து, பக்கத்தில் ஒரு கட்டம்! "பேரே பாதிதான் இருக்குது, கூலியும் பாதிங்களா?" என்று அவர் கேட்க, எல்லோர் கணக்கையும் கையால் மறுபடி போட வேண்டியதாயிற்று. கூலி சரியாகத்தான் இருந்தது.

தவறு எங்கே? பெயரை 10 எழுத்தோடு வெட்டச் சொல்லியிருந்தான். லுவா எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யுடிஎஃப்-8 முறையில் ம, உகரக் குறி, ர ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 9 போனது. பத்தாவது பைட் அடுத்த குறியின் துண்டு. அதுதான் கட்டம். 5.3 பதிப்பிலிருந்து யுடிஎஃப்8 டாட் லென் என்ற வசதி உண்டு. ஆனால் அதுவும் முருகனுக்கு 4 சொல்லாது, 7 சொல்லும்; உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்.

எனவே தமிழ்ப் பெயர்களை வெட்டவே வேண்டாம் என்றேன். பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளி, மீட்டரையும் தொகையையும் முன்னால் போடச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை சீட்டைக் கையால் சரிபார்க்கும் வேலை இல்லை.